முதலில் படகைக் கேளுங்கள்

மாலே விமான நிலையத்தின் வருகை வாசலைத் தாண்டினால், விடுதிகளின் கவுன்டர்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் முன்னால் பெயர்ப் பலகை பிடித்த பையன்கள். அவர்களைக் கடந்தால் ஒரு சின்னச் சாலை, அதற்கு அந்தப் பக்கம் கடல். நம்மூர் விமான நிலையங்களில் கார்கள் காத்து நிற்கும் இடத்தில் இங்கே படகுகள் கட்டிக் கிடக்கின்றன. விமான நிலையம் இருக்கும் ஹுல்ஹுலே ஒரு தனித் தீவு. 2018இல் திறக்கப்பட்ட பாலம் வந்த பிறகு, தலைநகர் மாலேவுக்கு டாக்சியிலும் பேருந்திலும் போகலாம். மறுபுறம் இருக்கும் ஹுல்ஹுமாலே தீவுக்கும் சாலை உண்டு. மற்றபடி எங்கே போக வேண்டுமானாலும் படகு, இல்லாவிட்டால் விமானம்.

மாலத்தீவுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் திட்டம் போடுகிறார்கள். முதலில் இன்ஸ்டாகிராமில் ஒரு வாட்டர் வில்லாவின் படம். அடுத்து, சலுகை விலையில் கண்ணில்பட்ட விமான டிக்கெட். அறைக்கு முன்பணமும் கட்டிய பிறகுதான், “ஏர்போர்ட்டிலிருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போறது?” என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எந்த நேரத்து விமானம், எத்தனை இரவு, கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதெல்லாம் அந்தக் கடைசிக் கட்டப் பயணத்தைப் பொறுத்தே அமைகிறது.

வரைபடத்தில் மாலத்தீவு சின்னதாகத் தெரிவதுதான் குழப்பத்துக்குக் காரணம். 1,192 தீவுகள், எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அவை வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போவதை விட அதிகம். ‘மாலத்தீவில் ஒரு ரிசார்ட்’ என்பது, ‘தமிழ்நாட்டில் ஒரு லாட்ஜ்’ என்பதைப் போலத்தான். எந்த ஊரில் என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

தூரமான ரிசார்ட்டுகளுக்குக் கடல் விமானம் போகிறது. ட்வின் ஓட்டர் என்ற சிறிய விமானம். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு மிதவைகள். விமானிகள் செருப்பில்லாமல் வெறுங்காலோடு ஓட்டுவார்கள். இரைச்சல் காதைப் பிளக்கும். தாழ்வாகப் பறப்பதால் ஜன்னலுக்குக் கீழே பவளத்திட்டுகளின் வெளிர்பச்சை வட்டங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரியும். காசு இருந்தால் ஒருமுறை போய்ப் பார்க்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது பகலில் மட்டும்தான் பறக்கும். தண்ணீரில் இறங்குவதற்கு விமானிக்கு வெளிச்சம் வேண்டும். மாலை நாலு, ஐந்து மணிக்கு மாலேயில் வந்து இறங்கினீர்களானால் அன்றைக்குக் கடல் விமானம் கிடைக்காது. ஹுல்ஹுமாலேவில் ஓர் அறை எடுத்துப் படுத்துவிட்டு மறுநாள் காலை கிளம்ப வேண்டியதுதான். ரிசார்ட்டில் கட்டிய முதல் இரவு வாடகை திரும்பாது. பிற்பகல் மூன்று மணிக்குள்ளாவது தரையிறங்கும் விமானமாகப் பார்த்து எடுப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு சங்கதி, கட்டணம். போகவும் வரவும் சேர்த்து ஆளுக்கு 400 டாலரைத் தாண்டுவது சகஜம். பிள்ளைகளுக்குக் குறைவாக வாங்கினாலும், நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ஒன்றே ஒரு லட்சம் ரூபாய்ப் பக்கம் வந்துவிடும். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்பது பொதுவான கணக்கு. முறுக்கும் புளிக்காய்ச்சலுமாகக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

உள்நாட்டு விமானம் இரவிலும் உண்டு. அது இறங்கும் தீவிலிருந்து பிறகு ஒரு படகு ஏற வேண்டும். மாலேவுக்கு அருகில் இருக்கும் தீவுகளுக்கு ஸ்பீட்போட் போதும். ரிசார்ட்டின் சொந்தப் படகு இரவிலும் வந்து அழைத்துப்போகும். உள்ளூர் மக்கள் வாழும் ஊர்த்தீவுகளுக்கு நேர அட்டவணைப்படி ஓடும் பொது ஸ்பீட்போட்டுகள் இருக்கின்றன. மாஃபுஷி போன்ற பிரபலமான தீவுக்கு நாளெல்லாம் உண்டு, மற்ற பல தீவுகளுக்கு ஒரு நாளைக்கு ஓரிரு தடவைதான். எல்லாவற்றிலும் மலிவு, அரசு நடத்தும் சாதாரண ஃபெரி. மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஸ்பீட்போட் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஃபெரி ஒன்றரை மணி நேரத்துக்கு ஆடி அசைந்து போகும். கட்டணம் சில டாலர்தான். உள்ளூர் ஆசிரியையும், அரிசி மூட்டையும், புதுத் துவைக்கும் இயந்திரமும் கூடவே வரும். வெள்ளிக்கிழமை மட்டும் ஃபெரியை நம்பிக் கிளம்பக் கூடாது. அன்று ஓடாது.

ஸ்பீட்போட்டில் எங்கே உட்காருகிறோம் என்பதும் முக்கியம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் முன்வரிசை ஒவ்வோர் அலைக்கும் தூக்கித் தூக்கிப் போடும். வயதானவர்களையும் முதுகுவலிக்காரர்களையும் எஞ்சின் பக்கமாகப் பின்னால் உட்கார வையுங்கள். குமட்டல் மாத்திரையை ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. அரை மணி நேரம் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

படகு முடிவானால், பிறகு ரிசார்ட்டா, ஊர்த்தீவா என்ற கேள்வி.

சுற்றுலா இங்கே தொடங்கியதே 1972இல்தான். மாலேவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தீவில் முப்பது அறைகளோடு திறந்த குரும்பாதான் முதல் ரிசார்ட். அதற்குப் பிறகு, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற முறையில் ஆளில்லாத தீவுகளை விடுதிகளாக்கிக்கொண்டே வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் அங்கே குடிக்கலாம், நீச்சலுடையில் திரியலாம்; உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் அவர்கள் தங்க வழியில்லை. பல ஆண்டுகள் இப்படியே ஓடியது. 2009 வாக்கில் அதிபர் நஷீத் ஆட்சியில்தான் மக்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த அனுமதி வந்தது. மாலத்தீவு என்றாலே கோடீஸ்வரர்களுக்கு என்ற எண்ணம் உடையத் தொடங்கியது அப்போதுதான். நடுத்தரக் குடும்பம் ஒன்று இன்றைக்குப் போய்வர முடிகிறது என்றால் அந்த ஒரு முடிவுதான் காரணம்.

ரிசார்ட் செலவைக் கணக்குப் போடும்போது, திரையில் காட்டும் விலையை நம்ப வேண்டாம். இரவுக்கு 200 டாலர் என்று ஓர் அறையைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்தால் 220. அதன்மேல் சுற்றுலாவுக்கான சரக்கு, சேவை வரி. 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். இப்போது 257 டாலர் 40 சென்ட். பிறகு பசுமை வரி என்று ஒன்று. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், கணவன் மனைவிக்கு 24. ஆக 281 டாலர் 40 சென்ட். இன்னும் நீங்கள் ஒரு காபிகூடக் குடிக்கவில்லை. சில தளங்கள் வரியையும் சேர்த்தே காட்டும், சில கடைசிப் பக்கம் வரை வாயைத் திறக்காது. ஊர்த்தீவில் இருக்கும் சிறிய கெஸ்ட் ஹவுஸுக்குப் பசுமை வரி பாதி, 6 டாலர்.

சாப்பாடு அதைவிடப் பெரிய கணக்கு. ரிசார்ட் தீவில் வேறு கடையே கிடையாது. குழந்தைக்குப் பசி என்றாலும், தாகத்துக்கு ஒரு ஜூஸ் என்றாலும் அவர்கள் சொல்வதுதான் விலை, அதன்மேல் அதே வரிகள். காலை உணவு மட்டும் சேர்ந்த அறையை மலிவு என்று எடுத்தால், மூன்றாம் நாள் பில்லைப் பார்த்ததும் மயக்கம் வரும். இரவு உணவும் சேர்ந்த திட்டம், அல்லது எல்லாம் அடங்கிய திட்டம் என்று பார்ப்பதே ரிசார்ட்டில் கட்டுப்படியாகும். ஏஜென்ட் ‘மூணு நைட் பேக்கேஜ்’ என்று சொன்னால், படகுக் கட்டணம் அதில் அடக்கமா, அறை வாடகை மட்டுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது போதாது.

வாட்டர் வில்லா பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. படுக்கையறைக்கு வெளியே படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழே கடல் என்பது படத்துக்கு நன்றாக இருக்கும். மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே நிம்மதியாகத் தூங்க முடியாது. பல ரிசார்ட்டுகள் சின்னப் பிள்ளைகளை வாட்டர் வில்லாவில் அனுமதிப்பதே இல்லை. கரையோரம் இருக்கும் பீச் வில்லா மலிவு. மர நிழல் உண்டு. கதவைத் திறந்தால் மணல். ஆழமில்லாத, அலையடங்கிய உப்பங்கழி உள்ள தீவா, கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளப்பாறையைப் பார்க்கக்கூடிய தீவா என்று கேளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். நீச்சல் தெரியாதவர்களுக்கு முதலாவது, தெரிந்தவர்களுக்கு இரண்டாவது. பவளத்தின் பழைய படங்களைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பெரும்பகுதி வெளுத்தது, 2024இலும் வெளுத்தது. இப்போது எப்படி இருக்கிறது என்று, சமீபத்தில் போய் வந்தவர்களிடம் விசாரிப்பதுதான் வழி.

எனக்கு ஊர்த்தீவுகள்தான் பிடித்தம் என்பதை மறைக்கவில்லை. படகுத்துறையில் கெஸ்ட் ஹவுஸ் பையன் ஒரு தள்ளுவண்டியோடு நிற்பான். பெட்டியை அதில் ஏற்றிவிட்டு மணல் தெருவில் அவன் பின்னால் நடக்க வேண்டியதுதான். தீவின் அகலம் அவ்வளவுதான். துறையோரத்து மரத்தடியில் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிற்று வலை பின்னிய இருக்கைகள் நாலைந்து ஒட்டினாற்போல் இருக்கும். ஜோலி என்பார்கள். சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் அதில் சாய்ந்துகொண்டு படகில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாமும் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

காலையில் மஸ் ஹுனி. சூரை மீனை உதிர்த்து, துருவிய தேங்காய், பொடியாக நறுக்கிய வெங்காயம், அவர்கள் ஊர்க் குண்டு மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்பு எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைவார்கள். முதலில் வெங்காயமும் மிளகாயும் உப்பும் கசங்க வேண்டும், அப்புறம்தான் தேங்காய். கூடவே ரொஷி என்று மெல்லிய சப்பாத்தி. தேங்காய் துருவ அவர்கள் உட்காரும் பலகையைப் பார்த்தால், நம் பாட்டி வீட்டுத் துருவுபலகையை யாரோ எடுத்து வந்துவிட்டார்களோ என்று தோன்றும். சூரையை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்ததுதான் இலங்கைச் சம்பலுக்குப் போடும் மாசி. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேவுக்குப் போய்வருவது பழைய வழக்கம். விளைநிலம் குறைவான நாட்டில் வெங்காயம்கூடக் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.

சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். தீவுக்காரர்கள் அகராதியில் காய்கறிக் கறியிலும் கொஞ்சம் மீன் துண்டு கிடப்பது குற்றமில்லை. ‘மீனும் வேண்டாம், மீன் தண்ணீரும் வேண்டாம்’ என்று விளக்கிச் சொன்னால் பருப்பும் பூசணிக்காயும் செய்து தருவார்கள். பழம் வேண்டுமென்றால் தொத்தூ தீவு. தர்பூசணியும் பப்பாளியும் அங்கே தோட்டம் தோட்டமாக விளைகின்றன. திமிங்கிலச் சுறாவைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கு அரி பவளக்கூட்டத்தில் இருக்கும் திகுரா. ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வருவதைப் பார்க்க, பா பவளக்கூட்டத்தின் ஹனிஃபாரு வளைகுடா. 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. ஜூன் முதல் நவம்பர் வரைதான் சீசன். காற்று உருளை கட்டிக்கொண்டு மூழ்க அனுமதியில்லை, மேலே மிதந்தபடிதான் பார்க்கலாம்.

ஊர்த்தீவில் சில கட்டுப்பாடுகள் உண்டு. மது கிடையாது. நீச்சலுடைக்குத் தட்டி கட்டிப் பிரித்த தனிக் கடற்கரை; மற்ற இடத்தில் தோளும் தொடையும் மூடிய உடை. சல்வாரிலும் டி-ஷர்ட்டிலும் கடலில் இறங்கிப் பழகிய நம் பெண்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கடைகள் சாத்தியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் ஓட்டல்கள் மூடிவிடும். கெஸ்ட் ஹவுஸில் விருந்தாளிக்குச் சாப்பாடு கிடைக்கும். நாலு நாள் ஊரில் தங்கிவிட்டு ஒரே ஒரு நாள் பக்கத்து ரிசார்ட்டுக்குப் பகல்நேர அனுமதிச்சீட்டு வாங்கிப் போய்வருவது பலரும் செய்கிற வேலை. வில்லா படமும் ஆயிற்று, பணமும் மிச்சம்.

எப்போது போவது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. வானம் தெளிவு, கடல் சாது. மே முதல் நவம்பர் வரை தென்மேற்கு. மழை, காற்று, விலை குறைவு. மழை நாளெல்லாம் பெய்யும் என்றில்லை, ஆனால் படகு குதிக்கும். பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அரையாண்டு விடுமுறைதான் மிக மோசமான நேரம். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே விலை உச்சியில் நிற்கும். பல ரிசார்ட்டுகள் அந்த இரண்டு இரவும் விருந்துச் சாப்பாட்டைக் கட்டாயமாக்கித் தனியாகக் காசு வாங்கும். முழுஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசிக்குள் போய்வருவது உத்தமம். வெயில் கடுமைதான். அதைச் சென்னைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 ஜனவரியில் இந்தியப் பிரதமரின் லட்சத்தீவுப் படங்களையொட்டி எழுந்த சண்டையும், ‘மாலத்தீவைப் புறக்கணிப்போம்’ என்ற கூச்சலும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு பயணிகள் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த இந்தியா அந்த ஆண்டு மளமளவென்று இறங்கியது. 2025 ஜூலையில் அந்த நாட்டின் அறுபதாவது சுதந்திர தினத்துக்கு இந்தியப் பிரதமரே சிறப்பு விருந்தினராகப் போய்வந்துவிட்டார். தெருவில் யாரும் உங்களிடம் அரசியல் பேசப் போவதில்லை.

காகித வேலை அதிகம் இல்லை. விசா இலவசம், போய் இறங்கியதும் தருவார்கள். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடச் சான்றும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கும் தளம் போலி. மது பாட்டில் கொண்டுபோனால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் தருவார்கள். வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை இருக்கிறது. கைப்பையில் குட்டிப் பிள்ளையார் வைத்திருக்கும் பழக்கம் உள்ளவர்கள் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. மின்சிகரெட்டும் கூடாது. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் புகையிலையைத் தொடவே கூடாது என்ற சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணிக்கும் அது பொருந்தும்.

திரும்புகிற நாளையும் படகை வைத்தே போட வேண்டும். சில தீவுகளிலிருந்து காலை ஏழு மணிக்கு ஒரு படகு, விட்டால் பிற்பகல்தான். உங்கள் விமானம் பகல் பதினொன்றுக்கு என்றால் காலைப் படகில் கிளம்பியாக வேண்டும். காற்றடிக்கும் மாதமாக இருந்தால் முந்தின நாளே ஹுல்ஹுமாலேவுக்கு வந்து படுத்துவிடுவது உத்தரவாதம். காற்று உருளை கட்டிக் கடலில் முக்குளித்தவர்கள் 24 மணி நேரம் கழியாமல் விமானம் ஏறக் கூடாது என்பதும் இந்தக் கணக்கில் சேரும். இரவு விமானமாக இருந்தால் பெட்டியை விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு மாலேயில் அரை நாள் சுற்றலாம். 1658இல் பவளக் கல்லைச் செதுக்கிக் கட்டிய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலும், பிற்பகலில் சூரை வந்து குவியும் மீன் சந்தையும் நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கின்றன. பவளத் துண்டோ ஆமை ஓட்டில் செய்த பொருளோ நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம். கரையில் பொறுக்கிய வெள்ளைப் பவளக் குச்சிகளைப் பிள்ளைகள் பைக்குள் சொருகி வைத்திருப்பார்கள். தீவைவிட்டுக் கிளம்புமுன் ஒருமுறை துழாவிப் பார்த்துவிடுங்கள்.